வண்டிக்குள் பிளாஸ்டிக்கில் மைக்கறை: கறையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள்

குன்னூரில் வண்டிகளின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து கொடுப்பது என் வேலை. ஏப்ரல், மே சீசன் ஓய்ந்ததும் வாடகை வண்டிகள் வரிசையாக வரும். பிஸ்கட் தூள், வாந்திக் கறை, ஈர மேட் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஏதாவது ஓர் ஓரத்தில் மை இருக்கும். டிரிப் ஷீட் எழுதுகிறவர் டேஷ்போர்டையே மேசையாக வைத்துக்கொள்வார், பின் சீட்டில் குழந்தை டோர் பேடில் படம் வரைந்திருக்கும், இலை ஏற்றும் பிக்கப்பில் எடை எழுதும் பேனா சீட்டுக்கும் கியருக்கும் நடுவில் விழுந்து நசுங்கியிருக்கும். இதெல்லாம் எடுக்கக்கூடிய கறைதான். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றித் தேய்த்து, மையும் முழுசாகப் போகாமல் பிளாஸ்டிக்கும் வெளுத்து வழவழவென்று ஆன பிறகு என்னிடம் கொண்டுவருகிறார்களே, அதைப் பார்க்கும்போதுதான் மனசு கஷ்டமாக இருக்கிறது. உருகின பிளாஸ்டிக்கை முன்னால் இருந்த மாதிரி ஆக்க என்னால் முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கறை எந்த மாதிரி என்று பார்த்து நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள், ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டாமல் படித்துவிடுங்கள்.

## கையில் என்ன வேண்டும்

பாத்திரம் கழுவும் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பனியன் துணி நாலைந்து துண்டு (வெள்ளையாக இருந்தால் மை ஏறுவது தெரியும்), பஞ்சு, காது குடையும் பட்ஸ், மிருதுவான டூத் பிரஷ். இதற்கு மேல் ஒரே ஒரு மருந்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் ஊசி போடும் முன் துடைக்கிற ஸ்வாப் என்று சின்னச் சின்ன உறையில் வருமே, அதில் இருப்பது 70 சதவீத ஐசோபுரொபைல். சின்னக் கறைக்கு அதில் பத்து உறை போதும். பெரிய கறை என்றால் பாட்டிலாக வாங்குங்கள், செல்போன் ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டாலும் எங்கே கிடைக்கும் என்று சொல்வார். சானிடைசர் ஜெல் அவசரத்துக்கு உதவும், ஆனால் அதில் இருக்கும் பசை வெள்ளைப் படலமாகக் காய்ந்துவிடும், அதைத் துடைப்பது இன்னொரு வேலை.

ஐசோபுரொபைல் தீப்பிடிக்கிற சரக்கு. மலையில் குளிர் என்று கண்ணாடியை ஏற்றி ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். 12 டிகிரிக்கு மேல் போனாலே இதன் ஆவி பற்றிக்கொள்ளும். நாலு கதவையும் திறந்து வையுங்கள், சாவியை எடுத்துவிடுங்கள், பீடி சிகரெட் கிட்டேயே வேண்டாம்.

## எந்த இடத்தில் கறை இருக்கிறது

மையை விட இதுதான் முக்கியம். ஒரே வண்டியில் நாலு வகை பிளாஸ்டிக் இருக்கும்.

சொரசொரப்பான, பளபளப்பில்லாத டேஷ்போர்டு, டோர் பேடின் கீழ்ப்பகுதி, சீட் பக்கவாட்டு மூடி இதெல்லாம் தாங்கும். ஐசோபுரொபைலால் ஒன்றும் ஆகாது.

பளபளக்கும் கறுப்பு, வெள்ளிச் சாயம் பூசிய பகுதிகள், ஏசி வென்ட்டைச் சுற்றியுள்ள வளையம், கியரைச் சுற்றியுள்ள தகடு மாதிரி இடங்களில் மேலே பெயின்ட் இருக்கிறது. அழுத்தினால் மையோடு அதுவும் வரும். லேசான கை, சில விநாடி, அவ்வளவுதான்.

மீட்டருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மாதிரியான மூடி கண்ணாடியே கிடையாது, தெளிவான பிளாஸ்டிக். அதில் ஆல்கஹால் பட்டால் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள் ஓடலாம். அங்கே சோப்புத் தண்ணீர் மட்டும்.

தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் பூச்சு, சில வண்டிகளில் கைப்பிடியிலும் கன்சோலிலும் இருக்கும். அது பழசாகி ஏற்கெனவே பிசுபிசுக்க ஆரம்பித்திருந்தால் ஆல்கஹால் வைத்ததும் கறுப்பாகக் கையோடு வரும். அதைத் தொடாமல் விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் குளவ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம், மேட்டுக்கு அடியில் மறையும் விளிம்பு மாதிரி இடத்தில் ஒரு துளி வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். துணியில் பிளாஸ்டிக்கின் நிறம் வந்தால், இடம் வெளுத்தால், விரல் ஒட்டினால், அந்த மருந்து அந்த இடத்துக்கு ஆகாது.

## அறிகுறி 1: மை இன்னும் ஈரமாக இருக்கிறது

பேனா வழிந்து இப்போதுதான் பார்த்தீர்கள் என்றால் முதல் வேலை, துடைக்காமல் இருப்பது. ஒரு ரூபாய் அகலம் இருந்த மையைத் துணியால் ஓர் இழு இழுத்தால் உள்ளங்கை அகலம் ஆகிவிடும். டிஷ்யூவோ செய்தித்தாளோ மேலே வைத்து நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். தாளை மாற்றி மாற்றி, தாளில் மை வருவது நிற்கும் வரை. அப்புறம்தான் சோப்புத் தண்ணீர், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். கீழே சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டியில் சுமார் 2,240 மீட்டர். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பாதி மையுள்ள இங்க் பேனாவுக்குள் அடைபட்ட காற்று ஏறக்குறைய கால் பங்கு விரிகிறது, மையை வெளியே தள்ளுகிறது. பால்பாயிண்ட் பேனா கதை வேறு, அது கீழே வெயிலில் டேஷ்போர்டு மேல் கிடக்கும்போதே இளகி முனையில் கசிய ஆரம்பித்துவிடும். பேனாவைச் சட்டைப்பையில் முனை மேலே பார்க்க வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் நல்லது.

தாளில் ஒற்றிய பிறகு கறை மங்கலாக நிற்கிறதா? நீலமாக, தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடினால் இங்க் பேனா அல்லது ஜெல் பேனா, அறிகுறி 3 பாருங்கள். தண்ணீர் பட்டும் அசையாமல் எண்ணெய் போல மினுங்கினால் பால்பாயிண்ட், அடுத்ததைப் பாருங்கள்.

## அறிகுறி 2: காய்ந்த பால்பாயிண்ட் கோடு

என்னிடம் அதிகம் வருவது இதுதான். குழந்தை வரைந்த வீடு, சூரியன், போன் நம்பர், கணக்கு.

பட்ஸை ஐசோபுரொபைலில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கோட்டின் ஒரு முனையில் வையுங்கள். தேய்க்க வேண்டாம், ஐந்தாறு விநாடி சும்மா வைத்திருங்கள். கோடு முதலில் கொஞ்சம் பருக்கும், ஓரம் கலங்கும், நீலமாக இருந்தது ஊதாவாகத் தெரியும். பயப்படாதீர்கள், மை பிடியை விடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பட்ஸை விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே கோட்டின் மேலேயே நகர்த்துங்கள், பஞ்சு மையை இழுத்துக்கொண்டு நிறம் மாறும். பஞ்சில் சுத்தமான பக்கம் இல்லையென்றால் உடனே புது பட்ஸ். இந்த இடத்தில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள், ஒரே பட்ஸை வைத்து முழு வீட்டையும் சூரியனையும் அழிக்கப் பார்த்தால் எடுத்த மையையே பக்கத்தில் பூசிக்கொண்டு போவீர்கள். பத்து சென்டிமீட்டர் கோட்டுக்கு நாலு பட்ஸ் ஆகலாம், ஆகட்டும். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் ஈரத் துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

கோடு போய்விட்டது, ஆனால் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் அதே கோடு பள்ளமாகத் தெரிகிறதா? அது மை அல்ல, பேனா முனை அழுத்திய தழும்பு. எந்த மருந்தும் அதை எடுக்காது. அதற்காக மேலும் தேய்த்து இடத்தைப் பளபளப்பாக்காதீர்கள்.

பள்ளமும் இல்லை, கோடும் போகவில்லை என்றால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒன்று, பாலிஷ் ஸ்பிரே அடித்து அடித்து ஏறிய எண்ணெய்ப் படலம் மேலே இருக்கிறது, மருந்து கீழே இறங்கவில்லை. பாத்திர திரவத்தால் இரண்டு முறை கழுவித் துடைத்துக் காயவிட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு, அது பால்பாயிண்டே கிடையாது.

பற்பசை போட்டால் போகும் என்று சொல்வார்கள். போகத்தான் போகும், ஏனென்றால் பற்பசை என்பது மெல்லிய உப்புத்தாள் மாதிரி. சொரசொரப்பான டேஷ்போர்டில் பற்பசை தேய்த்த வட்டம் எப்போதும் மினுங்கிக்கொண்டே இருக்கும். வெள்ளையாக விற்கும் மேஜிக் ஸ்பாஞ்சும் அதே ரகம்.

## அறிகுறி 3: ஜெல் பேனா, இங்க் பேனா

இதில் தண்ணீரில் ஆரம்பியுங்கள். நேராக ஆல்கஹால் போட்டால் சில ஜெல் மை திட்டுத்திட்டாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர திரவம் கலந்து, துணியை நனைத்துக் கறை மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். அப்புறம் டூத் பிரஷ்ஷால் நுரையை மட்டும் வைத்து சின்ன வட்டமாக. மீதம் இருந்தால் மட்டும் ஐசோபுரொபைல். கறுப்பு ஜெல் பேனாவில் சாயத்துக்குப் பதிலாக நுண்ணிய தூள் கலந்திருக்கலாம், அது கரையாது, பெயர்ந்துதான் வரும். அதற்குப் பொறுமையும் பிரஷ்ஷும் போதும், வலுவான மருந்து தேடிப் போகாதீர்கள்.

## அறிகுறி 4: மார்க்கர்

கேரட் மூட்டையில் பெயர் எழுதுகிற மார்க்கர் மூடி கழன்று டேஷ்போர்டில் உருண்டிருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பால்பாயிண்டை விடச் சுலபமாகப் போகிற கறை இது. ஐசோபுரொபைல் பஞ்சை வைத்து எடுத்தால் பெரும்பாலும் ஒரே முறையில் வரும்.

மருந்து கையில் இல்லையா? வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையனிடம் இருக்கும். அதை வாங்கிப் பழைய கோட்டின் மேலேயே எழுதி, காய்வதற்குள் துடையுங்கள். புது மையில் இருக்கும் திரவம் பழையதையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும். வழவழப்பான இடத்தில் நன்றாக வேலை செய்யும், சொரசொரப்பில் சுமார்தான்.

ஆல்கஹாலுக்கு அசையாமல், நகத்தால் சுரண்டினால் தோலாக உரிகிறது என்றால் அது பெயின்ட் மார்க்கர். வழவழப்பான பிளாஸ்டிக் என்றால் நகத்தாலோ பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தாலோ மெதுவாக உரித்துப் பாருங்கள். வராவிட்டால் ஆள் பார்க்க வேண்டிய வேலை அது.

## அறிகுறி 5: எழுத்துகள் தலைகீழாக அச்சாகியிருக்கின்றன

வர்க்கியைச் செய்தித்தாளில் சுற்றி டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். வெயில் அடித்ததும் வர்க்கியின் நெய்ப்பசை தாளில் ஊறி, அடியில் இருக்கும் செய்தி டேஷ்போர்டில் ஏறிவிடும். ஒரு ஜீப்பில் வரி விளம்பரம் ஒன்றைக் கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவுக்குத் தெளிவாகப் பார்த்தேன். இது எண்ணெயில் கலந்த கரி மை, மேலேதான் உட்கார்ந்திருக்கும். பாத்திர திரவம், வெந்நீர், பிரஷ். முடிந்தது.

பிளாஸ்டிக் பையின் வண்ண அச்சு, ஸ்டிக்கரின் பசையோடு கலந்த மை என்றால் சோப்பு மட்டும் போதாது. நம் ஊர்ச் சரக்கு இதற்கு நன்றாக உதவும், நீலகிரித் தைலம். துணியில் நாலு சொட்டு, கறை மேல் ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் தைலம் முழுவதும் போகிற மாதிரி கழுவிவிடுங்கள். சொரசொரப்பான டேஷ்போர்டுக்கு மட்டும் இது. பளபளப்பான பகுதியிலும் மீட்டர் மூடியிலும் தைலம் வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். தெர்மக்கோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே குழி விழும், அப்போது அதன் பலம் தெரியும்.

## அறிகுறி 6: கோடு போய்விட்டது, சொரசொரப்புக்குள் புள்ளி புள்ளியாக நிற்கிறது

தூரத்தில் நின்றால் அழுக்கு நிழல் மாதிரி இருக்கும், கிட்டே போய்ப் பார்த்தால் தோல் மடிப்பு போன்ற வேலைப்பாட்டின் பள்ளங்களில் மட்டும் நீலம் தங்கியிருக்கும். துணி மேடான இடத்தைத்தான் துடைக்கும், பள்ளத்துக்குப் போகாது. டூத் பிரஷ்ஷில் ஐசோபுரொபைல் தொட்டு, ஓர் இடத்தை ஒரு ரூபாய் அளவு என்று எடுத்துக்கொண்டு, நாலு திசையிலும் மெதுவாக ஓட்டி, காய்வதற்குள் பஞ்சை அழுத்தி ஒற்றி எடுங்கள். பிரஷ் கிளப்புவதை ஒற்றி எடுக்காவிட்டால் அது காய்ந்து மறுபடி அதே பள்ளத்தில் உட்காரும். 70 சதவீத சரக்கு இங்கே நல்லது, மெதுவாகக் காயும், வேலைக்கு நேரம் கிடைக்கும்.

மூன்று சுற்றுக்கு மேல் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

## அறிகுறி 7: மை போன இடத்தில் இளநீல, ஊதா நிழல்

இது பொல்லாதது. சாயம் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிட்டது. பழுப்பு, சாம்பல், வெளிர் மஞ்சள் நிற டோர் பேடில், அதுவும் கை ஊன்றும் இடத்தில் மெத்தென்று இருக்கும் ரெக்சின் மாதிரியான பகுதியில் அதிகம் வரும். முத்திரை குத்தும் ஊதா மை இதில் முதல் ஆள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது, ஸ்டாம்ப் பேட் திறந்தபடி கதவுப் பையில் இரண்டு வாரம் கிடந்திருக்கிறது. “அண்ணே, சோப்பு போட்டுக் கழுவிட்டேன், ஆனா தினம் காலையில பார்த்தா மறுபடி வருது” என்றார் டிரைவர். பொய் இல்லை, உள்ளே ஊறிய சாயம் மெல்ல மேலே வருகிறது.

முதலில் செலவில்லாத வழி: ஐசோபுரொபைலில் நனைத்த பஞ்சைக் கறை மேல் வைத்து, பாலித்தீன் தாளால் மூடி ஓரத்தை டேப் ஒட்டி, பத்து நிமிடம். எடுத்துப் பாருங்கள், பஞ்சில் நிறம் ஏறியிருந்தால் இன்னும் வரும் என்று அர்த்தம், மறுநாள் ஒரு முறை, அதற்கடுத்த நாள் ஒரு முறை. அந்த வேனில் ஐந்து நாள் இப்படிச் செய்தேன், ஐந்தாம் நாள் பஞ்சு வெள்ளையாகவே வந்தது, கொஞ்சம் நிழல் மட்டும் மிச்சம்.

அந்த மிச்சத்துக்கு, வெளிர் நிறத்தில் இருக்கும் மெத்தென்ற பகுதிக்கு மட்டும், முகப்பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு. மெல்லிசாகப் பூசி, காயாமல் பாலித்தீன் தாளால் மூடி, வெயில் படும்படி கதவைத் திறந்து வைத்து இரண்டு மூன்று மணி நேரம். சாயத்தை வெளுக்க வைக்கும். துணி சீட்டில் பட்டால் அதையும் வெளுக்க வைக்கும், அதனால் சுற்றிலும் மூடிக்கொள்ளுங்கள். அதிக நேரம் விட்டால் பிளாஸ்டிக்கின் சொந்த நிறமும் மாறும், அரை மணிக்கு ஒரு தடவை தாளைத் தூக்கிப் பாருங்கள். வெயில் வேண்டிய வேலை என்பதால் ஊட்டியில் ஜூலையிலும், குன்னூரில் அக்டோபர், நவம்பரிலும் ஆரம்பிக்காதீர்கள், பாதியில் மூடுபனி வந்து கதவைச் சாத்த வேண்டியிருக்கும். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

துணிக்குப் போடும் பிளீச்சிங் திரவத்தை இதற்குக் கொண்டுவர வேண்டாம். பால்பாயிண்ட் மைக்கு அது பெரிதாக உதவாது, ஆல்கஹாலோடும் மற்ற கழுவும் திரவங்களோடும் கலந்தால் நச்சுப் பொருள்கள் உண்டாகும், மூடிய வண்டிக்குள் அது ஆபத்து.

## அறிகுறி 8: பழுப்பு கலந்த கறுப்பு, எதற்கும் அசையவில்லை

வாக்குச்சாவடியிலிருந்து வந்தவர் விரல் காய்வதற்குள் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருப்பார். தேர்தல் மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது, வெளிச்சம் பட்டுக் கறுத்தபின் இந்த மருந்துகள் எதிலும் அது கரையாது. உடனே பார்த்தால் தண்ணீரால் துடைத்துவிடலாம். கறுத்துவிட்டால், சொரசொரப்பான கைப்பிடி என்றால் விட்டுவிடுங்கள், கை படப்பட மங்கும். பார்வைக்கு உறுத்துகிறது என்றால் அந்தக் கைப்பிடியை மட்டும் மாற்றுவது மலிவு.

## அறிகுறி 9: சுத்தம் செய்த இடம் வெளுத்துப்போச்சு, ஒட்டுகிறது

வெள்ளைப் படலம், ஈரத் துணி வைத்ததும் மறைந்து காய்ந்ததும் திரும்புகிறதா? சோப்பு அல்லது சானிடைசர் மிச்சமாக இருக்கலாம். வெறும் வெந்நீரால் மூன்று முறை துடையுங்கள். எண்ணெய்ப் பசை போய் வறண்ட இடமாக இருந்தால் நல்ல டிரிம் பாலிஷ் ஒரு பூச்சு பூச நிறம் திரும்பும்.

தடவினால் வழவழப்பாக, வேலைப்பாடு அழிந்து, அல்லது விரல் ரேகை பதிகிற அளவுக்கு இளகியிருந்தால் அந்தப் பிளாஸ்டிக் கரைந்துவிட்டது. இருபத்துநாலு மணி நேரம் தொடாமல் விடுங்கள், கெட்டியாகலாம். வேலைப்பாடு மட்டும் திரும்ப வராது.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஸ்டியரிங் நடு மூடியிலும், டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதிய பகுதியிலும் மை இருந்தால் மேலோட்டமாக, கிட்டத்தட்டக் காய்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பதோடு சரி. இடுக்கில் திரவம் இறங்க விடாதீர்கள், கழற்றாதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். மூடி கிழிய வேண்டிய இடத்தில் கிழிந்தால்தான் ஏர்பேக் சரியாக விரியும்.

வெளிர் நிற டேஷ்போர்டில் உள்ளங்கையை விடப் பெரிய ஊறிய கறை, உருகிய இடம், பெயின்ட் மார்க்கர், பளபளப்பான பகுதியில் பெயின்டோடு வந்த மை, இதற்கெல்லாம் உள்பக்கம் பெயின்ட் அடித்துக் கொடுக்கும் கடை வேண்டும். எங்கள் பக்கத்துக்காரர்கள் இதற்குக் கோயம்புத்தூர்தான் இறங்குகிறோம். போவதற்கு முன் அந்தப் பாகம் தனியாகக் கழலுமா என்று பாருங்கள். குளவ் பாக்ஸ் மூடி, கன்சோல் மூடி, கதவுக் கைப்பிடி எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடையில் அதே நிறத்தில் கிடைத்தால் பெயின்ட் அடிப்பதை விடக் குறைவாக முடியும். முழு டேஷ்போர்டை மாற்றுவது கடைசி வழி. ஒரு மைக்கறைக்காக அதைச் செய்யச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை.

கண்ணாடி ஏற்றும் சுவிட்சுக்குள் மை இறங்கிவிட்டது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், மருந்து ஊற்றாதீர்கள், அன்றைக்கே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பாதி இறங்கிய கண்ணாடியோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் போகிற நிலைமை வரக் கூடாது.